பயிற்சிக்குப் பாட்டு கிடையாது

"எப்ப சார் ஆரம்பிப்பாங்க?" என்று மூன்றாம் வகுப்புப் பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டபோது, பயிற்சி தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஜவ்வாது மலையிலிருந்து ஒன்பது பிள்ளைகளைச் சென்னைக்குக் கூட்டி வந்திருந்தோம். எல்லாருக்கும் ஏழிலிருந்து பத்து வயதுக்குள். துணைக்கு ஒரு பாட்டி. காலையில் ஜமுனாமரத்தூரில் வேன் ஏறி, மலை இறங்குவதற்குள் இரண்டு பேர் வாந்தி எடுத்து, போளூர், ஆரணி, ஆற்காடு என்று வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர், மாலைப் பயிற்சியைப் பார்க்க அனுமதி வாங்கித் தந்திருந்தார். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்தோம்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு சினிமா. சரியாகச் சொன்னால், அந்த சினிமாவைப் போட்டுக் காட்டிய நான்.

மாதம் ஒரு சனிக்கிழமை புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவது என் வழக்கம். பிள்ளைகளே கேட்டார்கள் என்று ஒருமுறை அட்லீயின் 'பிகில்' போட்டேன். 2019 தீபாவளிக்கு வந்த படம். விஜய் தமிழ்நாட்டு மகளிர் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகிறார். பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த மாதம் போனபோது, கொஞ்சம் பூசின உடம்புக்காரியான ஒரு நான்காம் வகுப்புச் சிறுமியைப் பையன்கள் "குண்டம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தில் பாண்டியம்மா என்ற வீராங்கனையைப் பயிற்சியாளர் அப்படித்தான் அழைத்துச் சீண்டுவார். அவளும் வெறிகொண்டு ஆடுவாள். அவளைத் தூண்டிவிடத்தான் அப்படிச் சொன்னார் என்று படம் பிறகு சமாதானம் சொல்லும். இந்தப் பையன்களிடமும் அதே சமாதானம் தயாராக இருந்தது. "சொன்னா கோவம் வந்து நல்லா ஆடும் சார்." அவள் ஆடவில்லை. பந்துப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள்.

'பிகில்' மீது இந்தக் கேலிக்காக அப்போதே நிறையப் பேர் குறை சொன்னார்கள். எனக்கு இருக்கும் குறை அதற்கும் கொஞ்சம் அடியில் இருக்கிறது. அந்தப் படத்துக்குப் பயிற்சி என்றால் என்னவென்று தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அதில் அக்கறை இல்லை. ஒருத்தி ஏன் நன்றாக ஆடுகிறாள்? அவமானப்பட்டாள், அழுதாள், ஆவேசம் வந்தது, ஆடினாள். ஆசிட் வீச்சில் முகம் சிதைந்த பெண், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்குள் அடைபட்ட பெண் என்று ஒவ்வொருத்தியின் திறமைக்குப் பின்னாலும் படம் ஒரு காயத்தை வைக்கிறது. அந்தக் காயங்கள் பொய்யில்லை. ஆனால் இடது காலால் பந்தை நிறுத்தத் தெரியாதவளுக்கு எந்தக் காயமும் அதைக் கற்றுத் தராது. கற்றுத் தரும் அந்த ஆயிரம் சாயங்காலங்களை நம் விளையாட்டுப் படங்கள் ஒரு பாட்டில் முடித்துவிடுகின்றன. பாட்டு தொடங்கும்போது தடுமாறுவார்கள், சரணத்தில் விழுந்து எழுவார்கள், முடியும்போது தேறியிருப்பார்கள். 'சார்பட்டா பரம்பரை' (2021) இதில் கொஞ்சம் பரவாயில்லை. கபிலன் கடற்கரையில் பீடி ராயப்பனிடம் பயிற்சி எடுக்கும் பகுதியில் ஒரு உடம்பு மறுபடி உடம்பாகும் வேலை தெரிகிறது. அங்கேயும் அவசரம்தான்.

இதில் எனக்கு உறுத்துவது, 'பிகில்' வந்தபோது நிஜக் கதை இங்கேயே இருந்தது என்பது. தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் போட்டியைப் பல்லாண்டுகளாக மணிப்பூர்தான் கையில் வைத்திருந்தது. 2018 பிப்ரவரியில் இறுதிப் போட்டியில் அந்த மணிப்பூரை 2-1 என்று தமிழ்நாட்டுப் பெண்கள் வென்றார்கள். அடுத்த ஆண்டு மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணி வரை போனார். இவர்களின் பேர் என் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது. பாண்டியம்மாவை எல்லாருக்கும் தெரியும்.

சரி, மைதானத்துக்கு வருகிறேன்.

முதலில் கோன்களைச் சுற்றி ஓட்டம். பிறகு ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று, நடுவில் இருக்கும் இரண்டு பேரிடம் சிக்காமல் பந்தை ஒரே தொடுதலில் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ரோண்டோ என்பார்கள். பார்சிலோனாவுக்கு 1988-ல் பயிற்சியாளராகப் போன யோஹான் கிரைஃப் இதைக் கிட்டத்தட்ட ஒரு தத்துவமாகவே ஆக்கினார். "இது நாங்களே ஆடுவோமே" என்றான் ஒருவன், ஏமாற்றத்தோடு. பாட்டி, "இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு, நிழல் தேடிப் போய்ப் படுத்துவிட்டார். நியாயமான கேள்வி.

இதே பயிற்சியை மறைத்துவைக்கத்தான் பெரிய கிளப்புகள் அவ்வளவு பாடுபடுகின்றன. 2019 ஜனவரியில், டெர்பி அணியின் பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று வேவு பார்க்க ஆள் அனுப்பியதற்காக லீட்ஸ் அணிக்கு இரண்டு லட்சம் பவுண்டு அபராதம். பார்சிலோனாவிலோ ஆண்டின் தொடக்கத்தில், மூன்று ராஜாக்கள் திருநாளை ஒட்டி ஒருநாள் கதவைத் திறந்து, குழந்தைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பயிற்சி செய்வது ஒரு வழக்கம். பரிசு கொடுக்கும் பண்டிகைக்கு இதைப் பரிசாகத் தரலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள்.

நம்மிடமும் பயிற்சியைப் பற்றி யோசித்த ஒரு மனிதர் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய இந்திய அணியின் பயிற்சியாளர், ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டும், பந்தை உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது என்றெல்லாம் விதி வைத்துத் தனிப் போட்டிகளே நடத்தியிருக்கிறார். வராததை விளையாட்டாக்கி வரவைக்கும் வாத்தியார் புத்தி அது. அதற்கு யாரையும் குண்டம்மா என்று கூப்பிடத் தேவைப்படவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சி நடந்தது. பயிற்சியாளர் ஒரே மாதிரி, இடது மூலைக்கு, தரையோடு தரையாக அடித்துக்கொண்டே இருந்தார். கீப்பர் விழுந்தார், எழுந்தார். பாதிக்கு மேல் உள்ளே போயின. மற்ற பிள்ளைகள் கொட்டாவி விட, அந்த நான்காம் வகுப்புச் சிறுமி மட்டும் வேலியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்து வந்து சொன்னாள்: "இருபத்திமூணு விட்டுட்டாரு சார்."

"ம்."

"யாரும் ஒண்ணும் சொல்லல."

உண்மைதான். பயிற்சியாளர் கத்தவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அடுத்த பந்தை எடுத்து வைத்தார், அவ்வளவுதான். இந்த ஒரு காட்சியை நான் எந்தத் தமிழ்ப் படத்திலும் பார்த்ததில்லை. எடுப்பது கஷ்டம் என்று தெரிகிறது. தோற்பதற்கும் ஜெயிப்பதற்கும் வெளியே, முகத்தில் ஒரு பாவமும் இல்லாமல், ஒருவர் இருபத்திமூன்று முறை தவறவிடுவதை எந்தத் தயாரிப்பாளர் ஒப்புக்கொள்வார்? பின்னணி இசைக்கு என்ன போடுவது?

திரும்பும் வழியில் பெரும்பாலானவர்களுக்கு ஏமாற்றம்தான், மறைப்பானேன். "காவலூர்லயும் இப்பிடித்தான் சார். பெரிய டெலஸ்கோப்பு காட்டுனாங்க. பகல்ல ஒண்ணுமே தெரியல" என்றான் ஒருவன். மலைமேல் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தைச் சொல்கிறான். இரண்டே கால் மீட்டருக்கும் அகலமான கண்ணாடியை வைத்துக்கொண்டு அங்கே ஆட்கள் மேகம் விலகக் காத்திருப்பார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே தூங்கிவிட்டான். ஆற்காட்டில் சாப்பிட்ட பரோட்டாதான் பயணத்தின் சிறந்த பகுதி என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அடுத்த மாதம் போனேன். ஒரு பையன் இன்னும் அந்தப் பெயரை விடவில்லை. மற்றவர்கள் விட்டிருந்தார்கள், அல்லது என் எதிரில் விட்டிருந்தார்கள். மலையில் சமதரை அபூர்வம். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் பந்தைத் தவறவிட்டால் அது சாமைக் கொல்லை வரை உருண்டுவிடும், விட்டவர்தான் போய் எடுத்து வர வேண்டும். அந்தச் சிறுமி இரண்டு செருப்பை கோல் கம்பமாக வைத்து நின்றுகொண்டிருந்தாள். எதிரே அவள் தம்பி.

"அந்தாண்ட அடிக்காதடா. இந்தக் கைப் பக்கமே அடி."

அடித்தான். உள்ளே போயிற்று. கொல்லைக்கு இறங்கி, பந்தோடு மேலே ஏறி வந்தவள் என்னைப் பார்த்ததும் மூச்சு வாங்கச் சொன்னாள்:

"இதோட பதினாலு சார்."