பேட்டையும் தோட்டமும்: 1990களின் நடுப்பகுதித் திரைப்பாடல்களும் சபாக் வட்டாரத் தோட்டப்புற நுகர்வும்

முன்னுரை

திரைப்பாடல்களைத் தரம் பிரிப்பதற்குத் தமிழாசிரியர்களாகிய நம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு. கிராமத்து மணமும் பாசமும் தூய சொல்லும் கொண்ட பாடல் நல்ல பாடல். ஆங்கிலம் கலந்து, கொச்சைச் சொற்களை அடுக்கி, தாளத்திற்கு முதன்மை தரும் பாடல் தரமற்ற பாடல். இவ்வளவுகோலை நாம் வகுப்பறையிலும் கலைநிகழ்ச்சிகளிலும் பயன்படுத்தி வந்துள்ளோம். அது எந்த அளவிற்குச் செல்லுபடியாகும் என்பதை 1993 முதல் 1996 வரை வெளிவந்த சில பாடல்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பாடல்கள் கேட்கப்பட்ட களமாகச் சபாக் முதல் கோலசிலாங்கூர் வரையிலான வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தை எடுத்துக்கொள்கிறோம்.

இக்களத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டில் அவ்வட்டார இடைநிலைப்பள்ளி ஒன்றில் நாம் மாணவராக இருந்தோம். தமிழ்மொழிக் கழகக் கலைநிகழ்ச்சிக்காகத் தோட்டத்து மாணவர் மூவர் காதலன் படத்தின் ‘பேட்டை ராப்’ பாடலைப் பல வாரங்கள் பயிற்சி செய்திருந்தனர். நிகழ்ச்சிக்கு முதல்நாள், “இது தமிழே இல்லை” என்று கூறி அது நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாகக் கிழக்குச் சீமையிலே படப் பாடல் ஒன்று சேர்க்கப்பட்டது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த நாமும் அம்முடிவு சரியென்றே கருதினோம். மூவரும் அன்று நிகழ்ச்சிக்கே வரவில்லை. பின்னாளில் ஆசிரியப் பயிற்சியில் பாடல் தெரிவு பற்றிப் பேசியபோதெல்லாம் நாம் அதே அளவுகோலையே பிறருக்கும் கற்பித்தோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

கேட்ட களம்

வட சிலாங்கூர்க் கடலோரம் தென்னையும் செம்பனையும் நிறைந்த நிலம். இடையில் சிகிஞ்சான், தஞ்சோங் காராங் நெல்வயல்கள் அமைந்துள்ளன. உள்நோக்கிச் சென்றால் புக்கிட் ரோத்தான், ஈஜோ, 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றிய தோட்டங்கள் வருகின்றன. அங்கே பால்மரம் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்ட காலத்தைப் பலரும் கண்ணால் கண்டிருக்கின்றனர். 1990களின் நடுப்பகுதியில் இத்தோட்டங்களின் இளையோர் கிள்ளான், ஷா ஆலாம் தொழிற்சாலைகளை நோக்கி நகரத் தொடங்கியிருந்தனர். லயத்தில் பெற்றோரும் பாட்டிமாரும் எஞ்சினர். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தனர். புறப்படும் வேளையில் கேட்ட பாடல்கள் இவை என்பதை மறந்துவிட்டு இவற்றை மதிப்பிட இயலாது.

பாடல்கள் வந்துசேர்ந்த வழிகள் பல. மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவு, பட்டணத்துக் கடைகளிலும் இரவுச் சந்தையிலும் விற்ற ஒலிநாடாக்கள், மாரியம்மன் கோயில் திருவிழாவில் விடியும் முன்பே அலறும் ஒலிபெருக்கி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. ஜாவானிய, பஞ்சார் வழிவந்த மலாய்க்காரர் மிகுதியாக வாழும் இவ்வட்டாரத்தில் கம்பத்துத் திருமண வீடுகளிலிருந்து டங்டுட் இசையும் காற்றில் வரும். இந்தோனேசியாவில் உருவான அவ்விசை இந்தித் திரையிசையின் மெட்டுகளையும் தபேலாவின் ஓசையையும் தன்னுள் கொண்டது. அதன் பெயரே அம்முழவோசையைப் போலச் செய்தது என்பர். எம். நாசீரின் பாடல்களும், 1996இல் வெளிவந்த சித்தி நூர்ஹலிசாவின் முதல் தொகுப்பும், அதே ஆண்டில் பெரும் வரவேற்பைப் பெற்ற ரைஹான் குழுவின் நஷீட் பாடல்களும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அயலானவை அல்ல. பல்வகை இசை கேட்டுப் பழகிய செவியோடுதான் அவர்கள் தமிழ்ப் பாடலையும் கேட்டனர்.

தமிழ்த் திரையிசையும் அவ்வாண்டுகளில் பல கிளைகளாகப் பிரிந்து நின்றது. 1992இல் ரோஜா படத்தின் மூலம் அறிமுகமான ஏ. ஆர். ரகுமான், கிழக்குச் சீமையிலே (1993), கருத்தம்மா (1994) ஆகிய கிராமியப் படங்களுக்கும், காதலன் (1994) போன்ற துள்ளிசைப் படங்களுக்கும், கஜல் பாடகர் ஹரிஹரனின் குரலைச் சிறப்பாகப் பயன்படுத்திய பம்பாய் (1995) படத்திற்கும் இசையமைத்தார். சென்னைக் கானாவின் சாயலைத் திரையில் பரவச் செய்த தேவா, 1995 பொங்கலுக்கு வந்த பாட்ஷாவில் தானி ஓட்டுநர் பாடலை அளித்தார். இளையராஜா அவதாரம் (1995) படத்தில் மென்மையான தம் பழைய வழியைத் தொடர்ந்தார். வகைகள் வேறாயினும் படைத்தோர் வேறல்லர் என்பது கவனிக்கத்தக்கது. கருத்தம்மாவின் பாடல்களுக்காகத் தேசிய விருது பெற்ற வைரமுத்துவே பாட்ஷாவின் தானி ஓட்டுநர் பாடலையும் எழுதினார். ஆகவே ‘உயர்ந்தோர் எழுதியது உயர்ந்தது’ என்னும் எளிய பிரிவினை தொடக்கத்திலேயே உடைந்துவிடுகிறது.

கடனாகக் கிடைத்த கிராமம்

பாரதிராஜாவின் கிழக்குச் சீமையிலே, கருத்தம்மா ஆகிய இரு படங்களின் பாடல்களும் தோட்டங்களில் பெற்ற செல்வாக்கு பெரிது. அண்ணன் தங்கைப் பாசத்தைக் கூறும் கிழக்குச் சீமையிலே பாடலைச் சித்ராவுடன் இணைந்து பாடியவர் மலேசியா வாசுதேவன். மலேசியாவில் பிறந்து, சென்னைக்குச் சென்று, 1977இல் பதினாறு வயதினிலே படத்தின் மூலம் புகழ்பெற்று, 2011இல் மறைந்த அவர், தமிழகக் கிராமத்தின் குரலாகப் பல்லாண்டுகள் விளங்கினார். தம் பெயரிலேயே நம் நாட்டைத் தாங்கிய ஒருவர் பாடிய ‘ஊர்ப் பாட்டை’ நாம் தமிழகத்து மண்ணின் அசல் குரலாகக் கேட்டு உருகினோம்! இம்முரண் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. திரையில் வரும் கிராமம் ஒரு கலையாக்கம். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை.

அக்கிராமம் நமக்கு எதனைக் கொடுத்தது? தாய்மாமன் உறவு, சீர்வரிசை, வைகைக் கரை, வறண்ட கரிசல் என ஓர் உலகை அது கொடுத்தது. பாட்டிமாருக்கு அது நினைவு. பிள்ளைகளுக்கோ கண்டிராத ஊர்மீது ஏற்பட்ட ஏக்கம். ஆனால் அப்பாடல்களில் பெரட்டுக் களம் இல்லை. ஆயாக் கொட்டகை இல்லை. ஒட்டுப்பால் நாற்றமோ செம்பனைக் குலை சுமக்கும் தோளோ இல்லை. தன் வாழ்வின் சொற்கள் எவையும் இல்லாத ஒரு பாடலில் தன்னைக் காண்பதற்குக் கேட்பவர் தம் வாழ்வைச் சற்று மறைத்துவைக்க வேண்டியிருந்தது. இதனைப் பாடலாசிரியரின் குறை என்று கூறுவது பொருந்தாது. மதுரைச் சீமைக் கதைக்கு எழுதியவரிடம் சபாக் தோட்டத்தை எதிர்பார்க்க இயலாதன்றோ? குறை, அதனையே ‘நம் மண்ணின் பாடல்’ என்று மேடையேற்றிய நம்முடையதாகும்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. கருத்தம்மாவில் சுவர்ணலதா பாடி, தேசிய விருது பெற்ற சோகப் பாடல் அத்தகையது. பெண்சிசுக் கொலை பற்றிய அப்படத்தின் கதை தோட்டத்துப் பெண்களின் கதை அன்று. எனினும் அப்பாடலில் இசைக்கருவிகளின் ஒலி பெரும்பாலும் அடங்கி நிற்க, குரல் தனித்து நடக்கிறது. மூச்சு வாங்கும் இடங்களும் விம்மி நிற்கும் இடங்களும் ஒப்பாரியின் போக்கை ஒத்திருக்கின்றன. லயத்துச் சாவு வீடுகளில் மாரடித்துப் பாடிய பெண்களுக்கு அவ்வடிவம் புதியதன்று. பாடலின் பொருள் கடனாயினும் அதன் வடிவம் அவர்களுடையதே. இங்கே சொல்லைக் காட்டிலும் குரலே கேட்பவரைச் சென்றடைகிறது.

பேட்டையின் சொல்

‘பேட்டை ராப்’ பாடலை எழுதியவர் இயக்குநர் ஷங்கர். பாடியோர் சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், ஷாகுல் ஹமீது ஆகியோர். சென்னைப் பேட்டையின் பேச்சுச் சொற்கள் ஓசை ஒப்புமையால் அடுக்கப்பட்டு, பாடலுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட ஒரு நடையில் ஒலிக்கின்றன. மெட்டைக் காட்டிலும் சொல்லின் அசையே தாளத்தை இயக்குகிறது. ‘தமிழே இல்லை’ என்று நாம் ஒதுக்கிய இப்பாடலில் உண்மையில் நிகழ்வது தமிழ் யாப்பு நன்கறிந்த இயைபும் அடுக்கும் சந்தமுமே ஆகும். தேனிப் பகுதி நாட்டுப்புறப் பாடகியான குஞ்சரம்மாளின் கணீர்க் குரல் இதில் இடம்பெற்றது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் கிராமியம் வேறு, நகரத்து ராப் வேறு என்னும் நம் பிரிவினையை அக்குரல் ஒன்றே மறுத்துவிடுகிறது.

மரபிலும் இதற்கு இடமுண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எட்டு வனப்புகளுள் ஒன்றாகிய புலன், சேரிமொழியால் அமைந்து, ஆராய்ந்து காண வேண்டாது பொருள் விளங்கும் செய்யுளாகும். மக்கள் குடியிருப்பின் வழக்குமொழியையே ஆசிரியர் ஈண்டுச் சேரிமொழி என்கிறார். அதனை அவர் வழுவாகக் கருதவில்லை, வனப்பாகவே எண்ணினார். முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதைச் சுவையுடன் கற்பிக்கும் நாம், பேட்டையின் ஏசலை மட்டும் மேடையிலிருந்து இறக்கியது எவ்வாறு பொருந்தும்?

இப்பாடலின் வரம்பையும் மறைத்தல் ஆகாது. பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட ஒரு படத்தின் ஆட்டக் காட்சிக்காக உருவானது இது. பேட்டை மக்கள் தாமே இயற்றிப் பாடியது அன்று. அவர்களின் வறுமை இங்குப் பெரிதும் வேடிக்கையாகவே வந்து போகிறது. ஆகவே இதனை ஒடுக்கப்பட்டோர் குரல் என்று போற்றுவது மிகையாகும். இதன் சிறப்பு பொருளைச் சார்ந்ததன்று, ‘உன் தெருவில் நீ பேசுவது போலவே பேசு, அதற்கும் தாளம் உண்டு’ என்று காட்டிய முறையைச் சார்ந்தது.

தோட்டத்து இளையோர் இதனை விரைவில் உணர்ந்துகொண்டனர். தானி என்னும் வாகனமே ஓடாத இந்நாட்டில் பாட்ஷாவின் தானிப் பாடலை அவர்கள் டிராக்டருக்கும் குலை ஏற்றும் லாரிக்கும் மாற்றிப் பாடியதை நாம் கேட்டிருக்கிறோம். பேட்டைச் சொற்கள் இருந்த இடத்தில் தண்டல், கிராணி, காண்டா வாளி முதலிய சொற்கள் வந்து அமர்ந்தன. இடையிடையே மலாய்ச் சொற்களும் தாளத்திற்கு இசைந்தன. கிராமியப் பாடல்களை எவரும் அவ்வாறு மாற்றிப் பாடியதாக நமக்கு நினைவில்லை. அவை முழுமை பெற்றவை. கேட்பவர் உள்ளே நுழைந்து ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு இடமளிக்காதவை. கானாவும் ராப்பும் சட்டகத்தைக் கொடுத்துவிட்டுச் சொல்லைக் கேட்பவரிடமே விட்டன.

தோட்டத்தின் சொல்

பின்னர் நிகழ்ந்தவை இக்கருத்திற்கு வலுவூட்டுகின்றன. 1990களில் கோலாலம்பூரில் உருவாகி 1998இல் தொகுப்பு வெளியிட்ட பொயட்டிக் ஆமோ என்னும் சொல்லிசைக் குழுவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்திரா குழுவுடன் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார். நிழல்கள் (1980) படத்தில் இளையராஜா இசையமைத்த பாடல் ஒன்றை எடுத்தாண்டு, மலேசிய இளைஞர்கள் தம் நடையில் தமிழ்ச் சொல்லிசை படைத்தனர். அது தமிழகத்திலும் செவிமடுக்கப்பட்டது. காலங்காலமாகப் பாடலை இறக்குமதி செய்துவந்த நாடு ஒரு வகையை ஏற்றுமதி செய்த அரிய தருணம் அது. இதற்குக் ‘பேட்டை ராப்’ நேரடிக் காரணம் என்று நாம் நிறுவ முயலவில்லை. அமெரிக்கச் சொல்லிசையின் தாக்கமே அதில் முதன்மையானது. எனினும் தமிழ்ப் பேச்சு அத்தாளத்தில் நிற்கும் என்னும் நம்பிக்கையை நம் செவிகள் பெற்றது 1994இலேயே எனலாம்.

2021இல் தீயும் அறிவும் பாடி வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ மற்றொரு சான்றாகும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவிலிருந்து அறிவு உருவாக்கிய அப்பாடலில் ஒப்பாரியும் சொல்லிசையும் ஒன்றுசேர்ந்தன. உலகெங்கும் கேட்கப்பட்ட பாடலில் தோட்டத் தொழிலாளரின் நினைவு இடம்பெற்றது அவ்வழியில்தான். நாம் தனித்தனியே பிரித்து, ஒன்றை மேடையேற்றி மற்றொன்றை நீக்கிய இரு வகைகளே அங்கு இணைந்து நிற்கின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் கிராமியப் பாடல்கள் தாழ்ந்தன, சொல்லிசைப் பாடல்கள் உயர்ந்தன என்று நாம் அளவுகோலைத் தலைகீழாக்க விரும்பவில்லை. சுவர்ணலதாவின் குரலுக்கு ஈடாகப் ‘பேட்டை ராப்’ பாடலை எவரும் வைக்கமாட்டார். எனினும் ஒரு பாடலின் தகுதியை அது பயன்படுத்தும் சொல்லின் தூய்மையால் மட்டும் அளப்பது போதாது; கேட்பவரின் சொல்லுக்கு அது இடம் தருகிறதா என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். அவ்வாறு அளந்தால், நாம் நீக்கிய பாடல் நாம் போற்றிய பாடலைவிடத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வகையில் மிகுதியாகவே கொடுத்துள்ளது.

இன்று சபாக் வட்டாரத் தோட்டங்களில் பல லயங்கள் வெறிச்சோடிவிட்டன. பெரட்டு, மங்கு, ஆயாக் கொட்டகை போன்ற சொற்களைப் பேசியவர்கள் முதுமை எய்திவிட்டனர். பாடல் வழி மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள், ஆயத்தமான கிராமியப் பாடல் ஒன்றை மாணவரிடம் கொடுப்பதற்கு முன், அவர்தம் பாட்டியிடம் கேட்டறிந்த பத்துச் சொற்களை ஒரு தாளத்தில் அடுக்கிவரச் சொல்லலாம். அது ராப் ஆக அமையினும் ஒப்பாரியாக அமையினும் ஏற்றுக்கொள்ளத் தடையில்லை. 1995இல் மூன்று மாணவர்கள் மேடைக்குக் கொண்டுவர முயன்றது ஏறத்தாழ இதனையே. இறுதி ஒத்திகையில் அவர்கள் தங்கள் தோட்டத்துக் கங்காணியின் பெயரையும் பாடலில் சேர்த்திருந்தனர். அதனைக் கேட்டு நாம் சிரித்தோம்; குறித்துவைத்துக் கொள்ளவில்லை.