காரைக்காலில் விசிடி ஏன் ஜெயித்தது

2006ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் தோஷிபா நிறுவனம் எச்டி டிவிடி பிளேயரை ஜப்பானில் விற்பனைக்கு இறக்கியது. சில மாதங்களில் சோனியும் அதன் கூட்டாளிகளும் புளூ-ரே தட்டோடு எதிரே வந்து நின்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. வீட்டில் படம் பார்க்கும் பழக்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். காவிரிக் கடைமடையிலிருந்து பார்த்தால் இரண்டாவது செய்திக்குத்தான் எடை அதிகம். அந்தப் பெட்டியில் விசிடிக்கும் டிவிடிக்கும் உள்ள வித்தியாசமே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். புளூ-ரேயின் நுணுக்கத்தைக் காட்ட அதற்கு வழியே கிடையாது.

எந்தத் தட்டு சிறந்தது என்று பொறியாளரைக் கேட்டால் ஒரு பதில், காரைக்கால் பாரதியார் சாலையில் கேட்டால் வேறொரு பதில். என் கருத்து இது: இந்தக் கடற்கரை தட்டைத் தேர்ந்தெடுத்தபோது, யார் வீட்டுப் பெட்டியிலும் ஓடுமா என்று பார்த்தது. அந்தத் தேர்வு சரியானது. ஆனால் நாளைக்கும் ஓடுமா என்று பார்க்கவில்லை. அதன் நஷ்டம் இப்போது வீடு வீடாகத் தெரிகிறது.

காரைக்காலை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர், கிழக்கே கடல், மற்ற எல்லாப் பக்கமும் தமிழ்நாடு. 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சி. 1962இல் ஊரை இந்தியாவோடு இணைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் பிரான்சில். முஸ்லிம் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர், மலேசியா, பிறகு வளைகுடா. ஊரிலேயே இருந்தவர்களுக்குச் சென்னை. எனவே ஒரு சின்ன ஊரின் வீட்டு அலமாரிக்கு உலகத்தின் நான்கு திசைகளிலிருந்தும் படம் வந்தது. வடிவங்களின் போட்டியில் எது மக்களை இணைத்தது, எது பிரித்தது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் நம் பக்கத்தில் இல்லை.

சிக்கல் கேசட் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. கல்யாண வீடுகளிலும் காதுகுத்திலும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட காலம் அது. இந்தியாவின் ஒளிபரப்பு முறை பால். பிரான்சின் முறை சேகாம். பிரான்சிலிருந்து வந்த கேசட்டை இங்குள்ள பால் டெக்கில் போட்டால் படம் ஓடும், வண்ணம் வராது. பேரனின் பிறந்தநாள் காரைக்காலுக்குக் கறுப்பு வெள்ளையில்தான் வந்து சேரும்.

1993இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து விசிடிக்கான விதிகளை வகுத்தன. சாதாரண இசைத் தட்டிலேயே 74 நிமிடப் படத்தை அடக்கும் முறை அது. பிறகு 80 நிமிடம் வரை அடங்கியது. மேலைநாடுகள் இதைப் பெரிதாக மதிக்கவில்லை. சீனாவின் ஹெஃபெய் நகரத்து வான்யான் நிறுவனம் மதித்தது. மலிவான பிளேயர்களைச் சீனத் தொழிற்சாலைகள் செய்து குவித்தன. ஆசியா முழுவதும் விசிடி பரவியதற்கு அதுவே காரணம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் இரண்டு தட்டில் அடங்கிவிடும். முதல் தட்டு முடிந்து இரண்டாவதைப் போடும் இடம் பெரும்பாலும் இடைவேளையை ஒட்டியே வந்தது. ஹாலிவுட் படத்துக்குத் தொந்தரவாக இருந்த தட்டு மாற்றம் நம் படத்துக்கு உறுத்தவே இல்லை.

விசிடியில் பூட்டு கிடையாது. இன்ன நாட்டில்தான் ஓடும் என்ற வட்டாரக் குறியீடு இல்லை, சங்கேதப் பூட்டு இல்லை. சிங்கப்பூரில் வாங்கியது திருநள்ளாறில் ஓடும். திருநள்ளாறில் வாங்கியது பாரிசிலும் ஓடும். இந்த ஒரு குணத்துக்காகவே விசிடியை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

ஆனால் படத்துக்கு அது செய்த கொடுமையையும் சொல்ல வேண்டும். விசிடியின் சட்டகத்தில் கிடைமட்ட வரிகள் 288 மட்டுமே. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜ ராஜ சோழன் (1973) போன்ற ஒன்றை மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுதாகக் காட்டினால், படத்துக்கு மிஞ்சுவது 163 வரிகள் அளவுதான். பட்டை வேண்டாம் என்று இரண்டு பக்கமும் வெட்டினால் ஓரத்தில் நிற்கும் நடிகர் காணாமல் போவார். இரண்டுமே நடந்தன. அகலத் திரைக்காக யோசித்து வைத்த ஒவ்வொரு காட்சியும் இப்படிச் சிதைந்துதான் ஒரு தலைமுறையின் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. டிவிடியில் அதே படத்தை முறையாகப் பதிந்தால் 436 வரிகள் வரை கிடைக்கும், புளூ-ரேயில் 817. நம் ஒளிப்பதிவாளர்களின் உழைப்பை வீட்டில் உள்ளபடி காட்டும் தகுதி முதன்முதலில் டிவிடிக்குத்தான் வந்தது.

அந்த டிவிடியும் போட்டியில் பிறந்ததே. ஒரு பக்கம் சோனியும் பிலிப்ஸும், மறுபக்கம் தோஷிபா, மட்சுஷிடா, டைம் வார்னர். கேசட் காலத்து பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் சண்டை திரும்ப வேண்டாம் என்று ஐபிஎம் உள்ளிட்ட கணினி நிறுவனங்கள் நெருக்கியதால் 1995இல் இரு தரப்பும் ஒரே வடிவத்துக்கு ஒத்துக்கொண்டன. 4.7 ஜிபி கொள்ளளவு, எட்டு ஒலித்தடம், 32 துணைத்தலைப்பு வரை இடம். எல்லாம் நல்லது. ஆனால் படத் தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் வெளியீட்டுத் தேதிகளைக் காப்பாற்றிக்கொள்ள உலகத்தை ஆறு வட்டாரமாக வெட்டின. அந்த வரைபடத்தில் தமிழர்களை வைத்துப் பாருங்கள். கனடா 1. பிரான்ஸ், பிரிட்டன், வளைகுடா 2. சிங்கப்பூர், மலேசியா 3. ஆஸ்திரேலியா 4. இந்தியாவும் இலங்கையும் 5. ஒரே குடும்பத்தின் உடன்பிறப்புகளை ஐந்து பூட்டுக்குள் பிரித்துவைத்த ஏற்பாடு இது. பாரிசில் அத்தை வாங்கிக் கொடுத்த பிரெஞ்சு கார்ட்டூன் டிவிடி, இந்தியாவில் முறைப்படி விற்ற பிளேயரில் ஓடாது.

தமிழ்ப்பட டிவிடி வெளியிட்டவர்கள் இந்த இடத்தில் மிகச் சரியாக நடந்துகொண்டார்கள். லண்டனைத் தளமாகக் கொண்ட ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் எல்லா வட்டாரத்திலும் ஓடும்படி தட்டை அச்சிட்டன. பாரிஸ் லா ஷப்பல் தமிழ்க் கடையில் வாங்கியது காரைக்காலில் ஓடியதற்குக் காரணம் அந்த முடிவு. மலிவான சீன பிளேயர்கள் இன்னொரு கதவைத் திறந்தன. விசிடி, டிவிடி, எம்பி3 எதைக் கொடுத்தாலும் படிக்கும். ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் வட்டாரப் பூட்டும் விலகிவிடும். இது விதிமீறல் என்று நிறுவனங்கள் சொல்லலாம். காசு கொடுத்து வாங்கிய தட்டைத் தன் வீட்டில் பார்க்கிறவர் செய்த தவறு என்ன என்று எனக்குப் புரியவில்லை.

இத்தனை திறந்த வடிவம் திருடனுக்கும் திறந்ததுதான். திருட்டு விசிடி தயாரிப்பாளர்களை நொறுக்கியதை யாரும் மறுக்க முடியாது. படம் வந்த வாரமே கேமரா பிரிண்ட், சில வாரத்தில் நல்ல பிரிண்ட், பிறகு ஐந்து படம் ஒரே டிவிடியில். தமிழ்நாடு அரசு 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004இல் வீடியோ திருட்டையும் சேர்த்தது. பிடிபட்டால் ஓராண்டு வரை தடுப்புக்காவல். அது தமிழ்நாட்டின் சட்டம். வாஞ்சூர் எல்லைக்கு இந்தப் பக்கம் அது செல்லாது. நாகூரில் ஒரு சட்டம், கூப்பிடு தூரத்தில் இன்னொன்று. ஆனால் திருட்டுத் தட்டு இரண்டு பக்கமும் கிடைத்தது. கடுமையான சட்டம் இருந்த ஊரிலும் இல்லாத ஊரிலும் ஒரே பண்டம் கிடைத்தது என்றால், சட்டத்தின் கடுமை தவிர வேறு எதையோ பார்க்க வேண்டும். அந்த வேறொன்று, கடையில் நியாயமான தட்டு இல்லாததுதான். தியேட்டர் வசூல் போய்விடும், தொலைக்காட்சி உரிமை விலை இறங்கிவிடும் என்று தயாரிப்பாளர்கள் இந்தியாவுக்குள் புதுப்படத் தட்டு உரிமையைப் பல ஆண்டு பூட்டியே வைத்திருந்தார்கள். பாரிசில் தமிழர் ஒருவர் கடைக்குப் போய் நேர்மையாக வாங்கிய அதே படத்தை, காரைக்காலில் அவருடைய அண்ணன் நேர்மையாக வாங்க வழி இல்லை.

இதை உடைத்தது ஒரு இந்தியத் தட்டுத் தொழிற்சாலை. தீபக் பூரி 1983இல் தொடங்கிய மோசர் பேயர், வெற்றுத் தட்டு தயாரிப்பில் உலக அளவுக்கு வளர்ந்த நிறுவனம். 2007இல் அது படத் தட்டு விற்பனையில் இறங்கியது. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய். அதுவரை நூறு ரூபாயைத் தாண்டிய பொருள் மளிகைக் கடையிலும் தொங்க ஆரம்பித்தது. விலை குறைந்ததைப் பலரும் எழுதினார்கள். அந்த 6 ரூபாய் இடைவெளியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். விசிடியின் ஒரே வலு மலிவு. இரண்டு தட்டுக்கு 28, ஒரே தட்டில் தெளிவான படத்துக்கு 34 என்று வந்தபின், டிவிடி பிளேயர் வைத்திருந்தவர் விசிடியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. வடிவப் போட்டியை நம் ஊரில் முடித்துவைத்தது தொழில்நுட்பமல்ல, அந்த விலைச்சீட்டு. மோசர் பேயர் வெள்ளித்திரை, பூ, அபியும் நானும் போன்ற படங்களின் தயாரிப்பிலும் பங்கெடுத்தது. ஆனால் அடக்க விலையை ஒட்டி விற்ற வியாபாரத்துக்குக் கோடிக்கணக்கில் தட்டு போக வேண்டும். அதற்குள் பென் டிரைவும் இணையமும் வந்துவிட்டன. 2018இல் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவாயிற்று.

2015 மார்ச்சில் இயக்குநர் சேரன் செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும். சினிமா டு ஹோம் என்ற திட்டத்தில் தன் புதிய படமான ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கையை 50 ரூபாய் டிவிடியாக நேராக வீட்டுக்கே கொண்டுவந்தார். முயற்சி நிலைக்கவில்லை. பத்து ஆண்டு முன்னால், வீதிக்கு வீதி டிவிடி பிளேயர் வந்துகொண்டிருந்தபோது, தயாரிப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து இதைச் செய்திருந்தால் திருட்டு விசிடிக்காரனின் கடையில் பாதியாவது மூடியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

புளூ-ரே, எச்டி டிவிடி போட்டி நமக்கு வெகுதூரத்தில் நடந்தது. 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் புளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா கையை விரித்தது. கொள்ளளவில் வென்றது பெரியதுதான்: ஒரு அடுக்குக்கு 25 ஜிபி, தோற்றதில் 15. ஆனால் எச்டி டிவிடியில் வட்டாரப் பூட்டு கிடையாது. ஏற்கெனவே இருந்த டிவிடி தொழிற்சாலைகளைச் சிறிது மாற்றியே அதை அச்சிடலாம். நம்மைப் போன்ற ஊர்களுக்குத் தோற்றதுதான் பொருத்தமான தட்டு. வென்ற புளூ-ரே மறுபடி உலகத்தை மூன்றாக வெட்டியது: சிங்கப்பூர் ஏ, பிரான்ஸ் பி, இந்தியா சி. காரைக்காலுக்கு உறவு உள்ள மூன்று இடமும் மூன்று பூட்டில்! தமிழில் சில படங்கள் புளூ-ரேயில் வந்தன. டெல்டா வீடுகளுக்குள் அது நுழையவே இல்லை.

இனி நஷ்டக் கணக்கு. காரைக்காலின் உப்புக்காற்றில் தட்டு எப்படி அழிகிறது என்பதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. சிடியில் ஒளியைத் திருப்பும் உலோகப் பூச்சு, படம் ஒட்டும் மேல்பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சின் கீழேயே இருக்கிறது. அந்தப் பக்கம் கீறல் விழுந்தாலோ ஈரம் புகுந்தாலோ தகவல் போய்விடும். டிவிடியில் உலோகம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரியது. கம்பெனி அச்சிட்ட தட்டில் தகவல் குழிகளாகப் பதிந்திருக்கும். ஸ்டுடியோக்காரர் கணினியில் எழுதிக் கொடுத்த தட்டிலோ அது சாயத்தில் மட்டும் இருக்கிறது. வெயிலும் வெப்பமும் சாயத்தை மாற்றிவிடும். இரண்டாயிரங்களில் நடந்த கல்யாணம், நிக்காஹ், வளைகாப்பு, மாங்கனித் திருவிழா, கந்தூரி எல்லாம் இந்தச் சாயத்தில்தான் இருக்கின்றன. சினிமாவை மறுபடி எங்கிருந்தாவது எடுத்துவிடலாம். 1964இல் வந்த கர்ணனை 2012இல் புதுப்பித்துத் தியேட்டரில் ஓட்டினார்கள். இறந்துபோன பாட்டி பந்தியில் நின்று பரிமாறிய காட்சிக்கு வேறு பிரதி கிடையாது.

தட்டுகளை இகழ்ந்து, இப்போது எல்லாம் ஓடிடியில் இருக்கிறதே என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஓடிடி உரிமை நாடுவாரியாக விற்கப்படுகிறது. இந்தியாவில் தெரியும் படம் பிரான்சில் தெரியாமல் போகலாம், நேற்று இருந்தது இன்று நீக்கப்படலாம். பழைய வட்டாரப் பூட்டேதான் இது. ரிமோட்டில் எண் அழுத்தி இதைத் திறக்கவும் முடியாது. அலமாரியில் இருக்கும் 34 ரூபாய் டிவிடியை யாரும் வந்து எடுத்துப்போக மாட்டார்கள்.

ஆனால் அதைப் படிக்கும் கருவி போய்க்கொண்டிருக்கிறது. எல்ஜி 2024இல் புளூ-ரே பிளேயர்களை நிறுத்தியது. எழுதக்கூடிய புளூ-ரே தட்டின் உற்பத்தியை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. கணினியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் இன்னும் இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. தெருவுக்கு ஒன்று வாங்கினால் போதும். முதலில் நகலெடுக்க வேண்டியது ஸ்டுடியோ எழுதிக் கொடுத்த சிடிகளை, அவற்றிலும் மேலே மணமக்கள் படம் ஒட்டியவற்றை. ஒட்டுத்தாளின் பசை பூச்சைப் பிய்க்கும், அதை உரிக்க முயலக் கூடாது. அடுத்தது எழுதிய டிவிடிகள். கம்பெனி அச்சிட்ட படத் தட்டுகள் இன்னும் சில வருடம் காத்திருக்கும். நகலை இரண்டாக எடுத்து ஒன்றைக் காரைக்காலிலும் மற்றொன்றைப் பாரிசிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் வீட்டிலும் வைக்கலாம்.