கம்பிச்சுருளை ரசிப்பது எப்படி?

சிங்கப்பெருமாள் கோயிலில் நரசிங்கரைப் பிரதட்சிணம் செய்ய வேண்டுமானால் மலையையே சுற்றி வர வேண்டும். பாறையைக் குடைந்து அதிலேயே மூர்த்தியையும் வடித்துவிட்ட பல்லவர் காலத்துச் சிற்பி, கருவறைக்குப் பின்னால் நடப்பதற்கென்று இடம் எதுவும் விட்டு வைக்கவில்லை. அப்படி மலையைச் சுற்றி வந்த ஒரு மாலையில், அதே ஊரில் இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போனபோது, அவர் மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் வாளி ஒன்றைச் செம்புக் கம்பி நூற்றுக்கணக்கான முறை வலம் வந்திருப்பதைக் கண்டேன். நண்பர் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர். வாளியைப் பார்த்து நான் சிரித்தேன். அவர் கோபிக்கவில்லை, ரசிக்கக் கற்றுக்கொடுத்தார். அன்று கற்றதில் ஒரு பகுதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பற்றிய பிரமிப்பு நமக்குப் போக வேண்டும். ஏரியல் எனப்படும் கம்பி, அலைநீளத்தில் கால் பங்கு உயரம் இருந்தால் சௌகரியமாக வேலை செய்யும் என்பது சாஸ்திரம். 2007இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு அமெச்சூர்களுக்கென்று ஒதுக்கிய 136 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அலைநீளம் 2,200 மீட்டருக்குச் சற்றே அதிகம். கால் பங்கு என்றால் 550 மீட்டர். திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில், 1990ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்த ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதற்காக 471 மீட்டர் உயரக் கம்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் அது ஒலிபரப்பும் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் பதினாறரைக் கிலோமீட்டர் ஆதலால், இந்தியாவிலேயே மிக உயர்ந்த அந்தக் கம்பமும் தன் அலைக்கு முன்னால் ஒரு குட்டைக் கம்பமே. இந்த விஷயத்தில் கடற்படைக்கும் மொட்டைமாடிக்காரருக்கும் ஜாதி ஒன்றுதான்.

குட்டையான கம்பி மின்சாரத்துக்கு ஒரு சிறு கண்டென்சராகவே தோற்றமளிக்கும். அந்தக் குறையைச் சரிக்கட்டுவதற்காகத்தான் சுருள். பத்து மீட்டர் உயரம் ஏறி, உச்சியில் கிடையாக நாலைந்து கம்பிகளைப் பரப்பிய ஏரியலுக்கு 200 பிக்கோஃபாரட் கொள்ளளவு இருக்குமென்றால், 136 கிலோஹெர்ட்ஸில் அதற்கு ஈடுகட்ட ஏறக்குறைய 7 மில்லிஹென்றி தூண்டல் வேண்டும். வாளி வந்தது இதற்காகத்தான்.

இனி சுருளைப் பாருங்கள். நல்ல சுருள் ஒல்லியாக நீண்டிருக்காது. குட்டையாகப் பருத்து, தன் நீளத்துக்குக் குறையாத விட்டத்தோடு நிற்கும். சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்காமல், முடிந்த இடங்களில் கம்பியின் கனம் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தால், சுற்றியவர் விஷயம் தெரிந்தவர் என்று கொள்ளலாம். ஏனெனில் பக்கத்துச் சுற்றின் காந்தப்புலம் மின்னோட்டத்தைக் கம்பியின் ஓர் ஓரமாக ஒதுக்கிவிடும், அதனால் தடை ஏறும். உயர் அலைவெண் மின்சாரமோ ஏற்கெனவே தோலோடு தோலாக ஓடுகிற பண்பு உடையது. 136 கிலோஹெர்ட்ஸில் செம்பின் மேற்புறத்தில் 0.18 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் அது அதிகம் இறங்குவதில்லை. தடித்த கம்பியின் நடுப்பகுதி வீணாகக் கிடக்கிறது என்பதைக் கண்டுகொண்டவர்கள், தனித்தனியே எனாமல் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கி லிட்ஸ் கம்பி செய்தார்கள். அந்தக் கம்பியில் சுற்றிய சுருளைக் கண்டால், நெய்தவர் மெனக்கெட்ட பட்டுப் புடவையைப் பார்ப்பது போல அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு சுற்று அப்பிரதட்சிணமாகப் போய்விட்டால் அது மற்றவற்றின் பலனைக் கழித்துவிடும். அந்தக் குற்றத்தையே குணமாக்கி, பெரிய சுருளுக்குள் சிறிய சுருளொன்றைத் திருப்பித் திருப்பிச் சுருதி சேர்க்கும் உபாயத்துக்கு வேரியோமீட்டர் என்று பெயர்.

இத்தனை பிரயாசைக்கும் கிடைக்கும் பலன் என்ன? கணக்கைச் சொன்னால் மனம் தளரும். மேற்சொன்ன ஏரியலில் அலையாகப் புறப்படும் சக்திக்குரிய தடை 0.03 ஓம்தான், சுருள் நன்றாக அமைந்தாலும் அது 20 ஓம் தின்கிறது, பூமி இன்னும் 30, 40 ஓம் தின்கிறது. நூறு வாட் கொடுத்தால் வானத்துக்குப் போவது பத்தில் ஒரு வாட்டுக்கும் குறைவு! மிச்சமெல்லாம் வாளியையும் மண்ணையும் சூடாக்குகிறது. அதே நேரத்தில் சுருளின் உச்சியில் எட்டாயிரம் வோல்ட் வரை ஏறுவதால், ஈரக் காகிதக் குழாயில் சுற்றியவன் தீய்ந்த வாசனையை முகர வேண்டியிருக்கும். நான் முகர்ந்திருக்கிறேன்.

ஆகவே இக்கலையின் ரசம் தூரத்தில் இல்லை, நஷ்டத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இன்ன ஊர் எட்டியது, இன்ன தேசம் எட்டியது என்று பெருமை பேசுபவரிடம் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. அதில் பாதி வானத்தின் தயவு. ஆனால் சுருளில் இரண்டு ஓமும் எர்த்தில் ஐந்து ஓமும் குறைத்தவர் தம் கைவேலையால் சம்பாதித்திருக்கிறார். அந்த எர்த் விஷயத்தில் எங்கள் ஊருக்கு அதிர்ஷ்டம் போதாது. பாறையும் சரளையுமான தரையில் செம்புக் கம்பிகளை எத்தனை ஆரமாகப் புதைத்தாலும் மண் பிடிவாதம் பிடிக்கும். கிழக்கே மாமல்லபுரத்துப் பக்கம் போய்விட்டாலோ, வறண்ட தரையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக மின்சாரத்தைக் கடத்தும் கடல்நீர் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. சுற்றுலாப் பயணி அலைகளைப் படம் பிடிக்கும் இடத்தில் நின்றுகொண்டு, “ஆஹா, என்ன எர்த்!” என்று பெருமூச்சு விட நண்பரைத் தவிர வேறு யாரால் முடியும்?

உரிமம் இல்லாதவர்களும் இதில் கொஞ்சம் ருசி பார்க்கலாம். அறுபது சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தின் மேல் பத்துப் பன்னிரண்டு சுற்று எனாமல் கம்பி சுற்றி, பழைய ரேடியோவின் காங் கண்டென்சரை இரு முனைகளிலும் இணைத்து, எந்தத் தொடர்புமின்றி டிரான்சிஸ்டர் ரேடியோவின் அருகில் நிறுத்துங்கள். 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை நிலையத்தை வைத்துக்கொண்டு கண்டென்சரை மெல்லத் திருகினால், ஓரிடத்தில் குரல் சட்டென்று முன்னால் வந்து நிற்கும். அந்த இடம் எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது உங்கள் சுருள். பிறகு சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கின் இரைச்சல் ஒரு கோணத்தில் அமுங்கிப் போவதும் தெரியும்.

போன மாதம் நண்பரைப் பார்க்கப் போனபோது வாளி இடம் மாறியிருந்தது. தோட்டத்தில் புதிதாகப் பள்ளம் வெட்டிய தடமும் இருந்தது. இப்போது எவ்வளவு தூரம் கேட்கிறதாம் என்று, பழக்கதோஷத்தால், கேட்டுவிட்டேன்.

“அதை விடுங்க சார், போன வருஷம் எர்த் நாற்பது ஓம் இருந்துச்சு, இப்போ முப்பத்திரண்டு” என்றார்.