எட்டுப் புள்ளியில் 13 பிடி

ஒருவர் கையில் 31 புள்ளி. இஸ்பேட், ஆட்டின் இரண்டிலும் ஏஸ், ராஜா, ராணி, ஜாக். டைமனில் ஏஸ், ராஜா. கிளாவரில் ராஜா, ஜாக், ஒன்பது. கட்டு முழுவதையும் எண்ணினாலே 40 புள்ளிதான். எதிரணியில் ஒருவரிடம் 8, அவருடைய கூட்டாளியிடம் பூஜ்யம். அந்த எட்டுப் புள்ளிக்காரர் ஏழு கிளாவர் கேட்டு, 13 பிடியையும் அள்ளிவிடுகிறார்.

இயான் ஃபிளெமிங்கின் 'மூன்ரேக்கர்' (1955) நாவலில், ஹியூகோ டிராக்ஸை ஜேம்ஸ் பாண்ட் வீழ்த்தும் பிரிட்ஜ் சீட்டாட்டம் இது. பாண்ட் கட்டை மாற்றியது கதை. ஆனால் கணக்கு பிசகாதது. சீட்டைப் பரப்பி யாரும் சரிபார்க்கலாம்.

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்ற முறையை 1920களில் பரப்பியவர் அமெரிக்கரான மில்டன் வொர்க். பின்னர் சார்லஸ் கோரன், சீட்டே இல்லாத வகைக்கு 3, ஒற்றைச் சீட்டுக்கு 2, இரட்டைக்கு 1 என்று கூட்டி அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தார். இரண்டு கையும் சேர்ந்து 25 இருந்தால் மூன்று நோ டிரம்ப், 33 இருந்தால் ஆறு. நான்கு வகையும் சீராகப் பிரிந்த கைகளுக்கு இந்த அளவுகோல் நன்றாகவே பொருந்தும்.

பாண்ட் கையில் பொருந்தாது. அவரிடம் ராணி தலைமையில் எட்டு டைமன், ஏஸ், ராணி, பத்து உட்பட ஐந்து கிளாவர், வேறெதுவும் இல்லை. கூட்டாளியான 'எம்' (M) என்பவரிடம் ஐந்து சின்னக் கிளாவர், டைமன் கிடையாது. இருவருக்கும் சேர்த்து மூன்று வெற்றிடம். கோரன் வழியில் அதற்கு ஒன்பது கூட்டினாலும் 17தான்.

துருப்பு ஒத்துப்போனபின் எண்ண வேண்டியது இழப்பை. ஒவ்வொரு வகையிலும் முதல் மூன்று சீட்டை மட்டும் பார்த்து, அவற்றில் ஏஸ், ராஜா, ராணி இல்லாத இடங்களைக் கூட்ட வேண்டும். பாண்டுக்கு டைமனில் இரண்டு, கிளாவரில் ஒன்று, ஆக மூன்று. எம்முக்கு ஒன்பது. இரண்டையும் 24இல் கழித்தால் 12 பிடி. புள்ளிக் கணக்கு கைவிட்ட இடத்தில் இது ஸ்லாம் வரை வந்துவிடுகிறது!

பதின்மூன்றாவது பிடி, உட்கார்ந்த இடம் தந்தது. டிராக்ஸ் பாண்டுக்கு வலப்பக்கம். எம் கையிலிருந்து கிளாவர் இறங்கும்போதெல்லாம் டிராக்ஸ் முதலில் போட்டாக வேண்டும்; அவருடைய ராஜா தப்ப வழியில்லை. இரண்டு டைமனை எம் கையில் வெட்டியதும் டிராக்ஸின் ஏஸும் ராஜாவும் போய், மிச்ச டைமன் எல்லாம் பிடியாகின்றன.

புதிதாக ஆட வருபவர்களுக்கு 4-3-2-1 சொல்லித்தருவதோடு நிறுத்திவிடக் கூடாது. துருப்பு ஒத்துப்போகாதவரை ஒற்றைச் சீட்டுக்குப் புள்ளி சேர்ப்பது ஆபத்து. எட்டுத் துருப்பு சேர்ந்துவிட்டால் அதை எண்ணாமல் விடுவது நஷ்டம். ஒவ்வொரு கேட்புக்குப் பிறகும் கையை மறுபடி எண்ண வேண்டும். கையில் ராஜாவும் இரண்டு சின்னச் சீட்டும் உள்ள வகையை வலப்பக்கத்தவர் கேட்டால், ஏஸ் பெரும்பாலும் அவரிடம்தான். ராஜாவுக்குத் தெம்பு கூடும். இடப்பக்கத்தவர் கேட்டால் அதே ராஜாவை மூன்று புள்ளியாக எண்ணிக் கேம் வரை போகக் கூடாது.