பெற்றோர் வளர்ப்புப் பாங்குகள்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்களை முன்வைத்து ஒரு மறுநோக்கு

முன்னுரை

தமிழ்ப்பள்ளி மாணவரின் நடத்தையையும் கல்வி அடைவையும் ஆராயப் புகுவோர் பலர் பெற்றோரின் வளர்ப்புப் பாங்கிலிருந்தே தம் ஆய்வைத் தொடங்குகின்றனர். அவ்வாறு தொடங்குவோர் கையாளும் வகைப்பாடு ஏறத்தாழ ஒன்றே. பெற்றோரை மூன்று அல்லது நான்கு வகையினராகப் பிரித்து, மாணவரிடம் வினாநிரல் கொடுத்து, வந்த விடைகளைக் கூட்டிப் பெற்றோர் இன்ன வகையினர் என முடிவு கட்டுவது வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட காலத்தில் நாமும் அவ்வகைப்பாட்டை ஒரு திறவுகோலாகவே கருதினோம். நாடு திரும்பியபின், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரக் குடும்பங்களைப் பற்றிய மாணவர் ஆய்வேடுகளைத் தொடர்ந்து படித்து வந்ததில் அக்கருத்து தளர்ந்தது. அவ்வகைப்பாடு முற்றும் பயனற்றது என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது நம்மிடையே எவ்வாறு பெயர்த்துக்கொள்ளப்பட்டது, எவ்வாறு அளக்கப்படுகிறது, எதனைக் காணத் தவறுகிறது என்னும் மூன்றையும் ஆராய்வதே நோக்கமாகும்.

வகைப்பாட்டின் தோற்றம்

இன்று வழங்கும் வகைப்பாட்டிற்கு அடித்தளமிட்டவர் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் ஆவார். 1966, 1967, 1971 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய எழுத்துகள் பெற்றோர் அதிகாரத்தை மூன்று பாங்குகளாகப் பிரித்தன. காரணம் கூறாது கீழ்ப்படிதலை வற்புறுத்துவது முதற்பாங்கு. உறுதியான எதிர்பார்ப்பை அரவணைப்போடும் விளக்கத்தோடும் முன்வைப்பது இரண்டாம் பாங்கு. எதிர்பார்ப்பைத் தளர்த்திப் பிள்ளையின் விருப்பத்திற்கு இணங்கிப்போவது மூன்றாம் பாங்கு. 1983-இல் எலினோர் மெக்கோபி, ஜான் மார்ட்டின் ஆகிய இருவரும் எதிர்பார்ப்பு, அரவணைப்பு என்னும் இரு அளவைகளை வைத்து இதனை நான்காக விரித்தனர். இரண்டுமே குறைந்த நிலை நான்காம் வகையாயிற்று. இக்கட்டுரையில் இவற்றை முறையே அடக்குமுறைப் பாங்கு, நெறிப்படுத்தும் பாங்கு, இணங்கும் பாங்கு, பாராமுகப் பாங்கு எனக் குறிப்போம்.

பாம்ரிண்டின் தொடக்க ஆய்வுகள் கலிபோர்னியாவின் பெர்க்கிலி வட்டாரத்துப் பாலர் பள்ளிக் குழந்தைகளையும், பெரும்பாலும் வெள்ளையின நடுத்தர வர்க்கக் குடும்பங்களையும் களமாகக் கொண்டவை. இதன் வரம்பை அவரே உணர்ந்திருந்தார் என்பது பலரால் கவனிக்கப்படுவதில்லை. 1972-இல் கறுப்பினக் குழந்தைகளைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையில், அடக்குமுறைப் பாங்கு எனக் குறிக்கத்தக்க வளர்ப்பில் இருந்த கறுப்பினச் சிறுமியர் தன்னுறுதி உடையோராகக் காணப்பட்டதை எடுத்துரைத்துள்ளார். ஒரே பாங்கு இருவேறு சமூகச் சூழல்களில் இருவேறு விளைவுகளைத் தரக்கூடும் என்பது இதனால் பெறப்படும். வகைப்பாட்டை உருவாக்கியவர் கொண்டிருந்த இந்த எச்சரிக்கை, அதனைக் கடன் வாங்கிய நம்மிடம் இல்லாமற் போயிற்று.

சொல்லில் நேர்ந்த பிழை

நம் விரிவுரைக் கூடங்களிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் இப்பாங்குகள் சர்வாதிகாரப் பாங்கு, சனநாயகப் பாங்கு, தலையிடாப் பாங்கு என்னும் பெயர்களால் வழங்கக் கேட்கிறோம். இம்மூன்று பெயர்களும் பாம்ரிண்டுக்கு உரியவை அல்ல. 1939-இல் குர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ப் ஒயிட் ஆகியோர் சிறுவர் மன்றங்களில் நடத்திய தலைமைத்துவச் சோதனையிலிருந்து வந்தவை. பத்து வயதுச் சிறுவர்களின் குழுவை வயதுவந்த தலைவர் ஒருவர் எவ்வாறு வழிநடத்துகிறார் என்பதே அச்சோதனையின் பொருள். குழுவாகக் கலந்துபேசி முடிவெடுப்பது அங்குச் சனநாயகம் எனப்பட்டது.

பாம்ரிண்ட் கூறும் நெறிப்படுத்தும் பாங்கில் பிள்ளையின் மறுப்பைப் பெற்றோர் செவிமடுக்கின்றனர், காரணம் கூறுகின்றனர், ஆயினும் இறுதி முடிவு பெற்றோரிடமே இருக்கிறது. அதனைச் சனநாயகம் எனப் பெயர்த்தபோது அப்பாங்கின் பாதியாகிய உறுதி கைநழுவிப் போயிற்று. இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சனநாயக முறையில் பிள்ளையை வளருங்கள் என்று ஆசிரியர் அறிவுறுத்தும்போது, கேட்டதையெல்லாம் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றே தந்தையர் பலர் பொருள்கொள்கின்றனர். கண்டிப்பைக் கைவிடுவதா, அரவணைப்பைக் கைவிடுவதா என்னும் பொய்யான தேர்வு அவர்கள்முன் வைக்கப்படுகிறது. இரண்டும் ஒருங்கே இயலும் என்பதே அவ்வாய்வின் சாரம். அச்சாரம் மொழிபெயர்ப்பில் மறைந்தது.

அளவுகோலில் இடம்பெறாத பாட்டி

பெயரை அடுத்து அளவுகோலைக் காண்போம். ஆய்வாளர் பலர் கையாளும் கருவிகளுள் ஒன்று ஜான் புரி 1991-இல் வெளியிட்ட பெற்றோர் அதிகார வினாநிரல். அதில் பாங்கு ஒன்றுக்குப் பத்தாக முப்பது கூற்றுகள் உள்ளன. தாய்க்கு ஒரு படிவம், தந்தைக்கு ஒரு படிவம். பாட்டிக்கோ, பெரியம்மாவுக்கோ, பக்கத்து வீட்டாருக்கோ அதில் இடமில்லை.

இக்குறையின் பொருளை நாம் பிந்தியே உணர்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத் தாய் ஒருவரைப் பாராமுகப் பாங்கினர் என வகைப்படுத்தியிருந்தார். வீட்டுப்பாடத்தை அம்மா பார்ப்பதில்லை, மாலையில் அம்மா வீட்டில் இருப்பதில்லை என்பன மகன் அளித்த விடைகள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருந்த நேர்காணற் குறிப்போ வேறொன்றைக் கூறியது. அத்தாய் அலுவலகக் கட்டடம் ஒன்றில் இரவு நேரத் துப்புரவுப் பணி செய்பவர். மாலை ஆறு மணிக்குப் புறப்படுமுன் மகன் செய்யவேண்டியவற்றைத் தாளில் எழுதிவைத்துச் செல்வார். ஒன்பது மணிக்குப் பணியிடத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து ஒவ்வொன்றாகக் கேட்பார். வார இறுதியில் பிள்ளை கிள்ளானில் உள்ள பாட்டியிடம் இருப்பான். அங்கு அவனுடைய புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பவர் பாட்டியே. இவை எவற்றையும் எண்ணாக மாற்ற வினாநிரலில் கட்டம் இல்லை. ஆகவே அவை பின்னிணைப்பில் தங்கிவிட்டன. அவ்வாய்வேட்டுக்கு நல்ல புள்ளி வழங்கியவர் நாமே. பிழை மாணவியுடையதன்று, மேற்பார்வையிட்ட எம்முடையது.

தோட்டமும் அடுக்குமாடியும்

இப்பிழையை விளங்கிக்கொள்ளக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்கள் எங்கிருந்து வந்தன என நோக்க வேண்டும். பிரிக்பீல்ட்சின் பழைய குடும்பங்களுள் இரயில்வே குடியிருப்பைச் சார்ந்தவையும் உண்டு. ஆயினும் இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுள் பெருந்தொகையினவற்றின் வேர் பால்மரத் தோட்டத்தில் உள்ளது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அவை நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. புத்ராஜெயா நகருக்காகப் பிராங் புசார் முதலிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டது அண்மைக்கால எடுத்துக்காட்டாகும்.

தோட்டத்தில் பிள்ளை வளர்ப்பு ஒரு தாய் தந்தையின் கையில் மட்டும் இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். பள்ளி விட்டு வரும் பிள்ளையை லயத்தில் உள்ள எவரேனும் ஒருவர் கவனிப்பார். தந்தை கண்டிப்பானவர், பாட்டி செல்லம் கொடுப்பவர். தந்தை கை ஓங்கும்போது, போதும் விடு என்று குறுக்கே வந்து நிற்கப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் இருந்தார். உறுதியும் அரவணைப்பும் ஒரே ஆளிடம் இல்லாமல் பலரிடம் பகிர்ந்து கிடந்தன. பிள்ளைக்குக் கிட்டியது அக்கூட்டுப் பயனே.

மார்கரெட் டிராவிக் தமிழகச் சிற்றூர்க் குடும்பம் ஒன்றைப் பற்றி 1990-இல் வெளியிட்ட நூல் இதற்குத் துணைநிற்கிறது. தாய் தன் அன்பைப் பிறர் காணக் காட்டாது அடக்கிக்கொள்வதையும், கடுமையே அன்பின் ஒரு முகமாக வழங்குவதையும், யார் பிள்ளை என்னும் வேறுபாடு மங்கும்படி பெண்கள் பலர் சேர்ந்து வளர்ப்பதையும் அந்நூல் விரித்துரைக்கிறது. பாம்ரிண்டின் கண்கொண்டு நோக்கின் அத்தாய் அரவணைப்புக் குறைந்தவளாகவே தோன்றுவாள்.

தோட்ட வாழ்வைப் பொற்காலமாகப் போற்றுதல் எம் கருத்தன்று. வறுமையும் மதுவும் இடையில் நின்ற படிப்பும் அவ்வாழ்வின் பகுதிகளே. நாம் சுட்ட விரும்புவது இதுவே: இடப்பெயர்வில் கண்டிப்பு உடன் வந்தது, அதனை ஈடுசெய்த சுற்றம் உடன் வரவில்லை. பாட்டி வேறோர் ஊரில் இருக்கிறார். அடுக்குமாடியில் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. குறுக்கே வந்து நிற்க ஆளில்லாத வீட்டில் அதே தந்தையின் அதே சொல் வேறு எடை பெறுகிறது. பெற்றோரின் பாங்கு மாறவில்லை. அதன் விளைவு மாறியது. ஆகவே வளர்ப்புப் பாங்கு ஓர் ஆளின் குணம் என்பதைவிட, ஒரு வீட்டைச் சூழ்ந்தோரிடையே அமைந்த பொறுப்புப் பகிர்வு எனக் கொள்வதே பொருந்தும்.

கண்டிப்பும் அடியும்

இவ்வாறு கூறுவது ரோத்தானுக்கு வக்காலத்து வாங்குவதாகாது. 1994-இல் ரூத் சாவ், சீனக் குடும்பங்களின் கண்டிப்பு அடக்குமுறையினின்றும் வேறானது, பயிற்றுவித்தல் என்னும் அக்கறையில் வேரூன்றியது என வாதிட்டார். அவ்வாதத்தைப் பின்பற்றி, அடிப்பது நம் பண்பாடு என்று முடிப்போரும் உளர். அவர் பேசியது கண்டிப்பையும் ஈடுபாட்டையுமே. அடியை அவர் நியாயப்படுத்தவில்லை. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் ஜெனிபர் லான்ஸ்போர்ட் குழுவினர் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. உடல் தண்டனை வழக்கமாக உள்ள சமூகங்களில் அதற்கும் பிள்ளையின் முரட்டுத்தனம், மனப்பதற்றம் ஆகியவற்றிற்கும் உள்ள தொடர்பு மெலிந்து காணப்பட்டது. ஆயினும் முற்றும் அற்றுப்போகவில்லை. பண்பாடு தீங்கைக் குறைக்கக்கூடும், நீக்குவதில்லை. தடுத்து நிற்கும் சுற்றமும் அற்ற அடுக்குமாடியில் அக்குறைப்பையும் நாம் எதிர்பார்ப்பதற்கில்லை. நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பிள்ளையைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கியிருப்பதையும் ஆசிரியர் மறத்தலாகாது.

பொன்முடியார் பாடலின் விடுபட்ட பாதி

நம் பள்ளி விழாக்களில் பெற்றோர் கடமையைப் பற்றிப் பேசுவோர் பலர் புறநானூற்றின் 312-ஆம் பாடலை எடுத்தாள்வர். பொன்முடியார் பாடிய அப்பாடலில் பெற்றுப் பேணுதல் தாய்க்கும், சான்றோனாக்குதல் தந்தைக்கும் கடமையாக வைக்கப்பட்டுள்ளன. பேச்சாளர் பெரும்பாலும் அத்துடன் நிறுத்திக்கொள்வர். பாடலோ நிற்பதில்லை. வேல் வடித்துக் கொடுக்கும் கொல்லனும், வேந்தனும் அடுத்து வருகின்றனர். வேந்தன் அளிக்க வேண்டியது நல்லொழுக்கமா, வாழ்வதற்குரிய நிலமா என்பது பாடவேறுபாட்டால் இருவகையாகக் கொள்ளப்படும். எவ்வாறு கொள்ளினும் ஒரு பிள்ளை உருவாவதில் ஊருக்கும் அரசுக்கும் பங்குண்டு என்பது தெளிவு. அப்பாடல் முன்வைக்கும் போர்க்கள இலக்கு இன்று நமக்கு உடன்பாடன்று. அதன் பொறுப்புப் பகிர்வோ இன்றும் பொருந்துவது.

முதலிரு கடமைகளோடு நிறுத்துவதும், வினாநிரலில் தாய் தந்தைக்கு மட்டும் படிவம் தருவதும் ஒரே பார்வையின் இரு வடிவங்கள் எனலாம். விடுபட்ட பாதியில்தான் இரவுப் பணி செய்யும் தாயின் நிலை அடங்கியுள்ளது. திருத்தப்பட்ட தொழிற்சட்டம் 2023 சனவரி முதல் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. மகப்பேற்று விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. தந்தைக்கும் 7 நாள் விடுப்பு வழங்கியது. வளர்ப்புப் பாங்கைப் பேசும் ஆய்வில் இத்தகைய செய்திகளுக்கு இடமில்லையெனின் அவ்வாய்வு குறையுடையதே.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவதாக, சனநாயகப் பாங்கு என்னும் பெயரைக் கைவிட்டு, உறுதியும் அரவணைப்பும் ஒருங்கே புலப்படும் சொல்லை ஆசிரியர் பயிற்சியில் வழங்க வேண்டும். இரண்டாவதாக, எந்த வினாநிரலுக்கும் முன்னர், உன்னை மாலையில் யார் பார்த்துக்கொள்கிறார், யார் கண்டிப்பார், யார் தேற்றுவார் என்னும் மூன்று வினாக்கள் பிள்ளையிடம் கேட்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பெற்றோர் சந்திப்பின் நேரத்தைப் பணிமுறை மாறி உழைக்கும் குடும்பங்களின் வசதிக்கேற்ப அமைத்து, பாட்டி தாத்தாவையும் அதற்கு அழைக்க வேண்டும்.

ஒரு தாயைப் பாராமுகத்தாள் என ஏட்டில் எழுதுவது எளிது. அவ்வெழுத்து ஆசிரியரின் மனத்தில் பதியும். அம்மனம் அப்பிள்ளையை நோக்கும் பார்வையை மாற்றும். மாலை ஆறு மணிக்குத் தாளில் எழுதிவைத்துச் செல்லும் ஒருத்தி நம் கணக்கில் விடுபடாதிருக்க வேண்டுமாயின், திருத்தத்தை நாம் நம் அளவுகோலிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.