அழித்தெழுதிய கல்

சிதைவை எதிர்கொள்ள நமக்கு இரண்டு பாவனைகள்தாம் தெரியும். ஒன்று பெருமூச்சு. மற்றது பெருமை. இடிந்த கோயிலைக் கண்டால் காலத்தின் கொடுமை என்று ஒரு கவிதை. அல்லது ஆயிரமாண்டுப் பண்பாடு என்று ஒரு மேடைப் பேச்சு. இரண்டுக்குமே கல்லை உற்றுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

திருப்பரங்குன்றத்தின் தென்புறச் சரிவில் உமை ஆண்டார் கோயில் என்றொரு சிறு குடைவரை இருக்கிறது. மலையின் வடபுறம் முருகன் கோயில். அதன் உள்ளே இருக்கும் பழைய குடைவரை, நெடுஞ்சடையன் பராந்தகன் காலத்தியது, கி.பி. 773ஐக் குறிக்கும் கல்வெட்டைக் கொண்டது. அங்கே கல்யாண முகூர்த்த நாட்களில் நிற்க இடம் இருக்காது. தெற்கே வந்தால் ஆளரவம் குறைவு. ஒரே பாறையின் இரு பக்கங்கள். ஒன்று வழிபாட்டில் இருப்பதால் எண்ணெயும் சுண்ணாம்பும் பூசிப் பூசி உருவம் மங்கியது. மற்றது கைவிடப்பட்டதால் தன்னைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆய்வாளர்கள் இதை 8ஆம் நூற்றாண்டில் சமணருக்காகக் குடையப்பட்டது என்கிறார்கள். 1223இல், முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனின் ஆட்சியில், பிரசன்ன தேவர் என்ற சைவத் துறவியின் முயற்சியால் இது சிவன் கோயிலாக மாற்றப்பட்டது. சுந்தர பாண்டிய ஈஸ்வரம் என்று பெயரும் சூட்டி, பூஜைக்கு நிலமும் விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. பின்சுவரில் இருந்த தீர்த்தங்கரர் போய், நந்தியோடு கூடிய அர்த்தநாரீஸ்வரர் வந்தார். நடராஜர் வந்தார். வெளிப்பாறையில் பைரவரும் சைவ அடியார்களும் வந்தார்கள். பிறகு அவையும் சிதைந்தன. இன்று இரண்டு சமயமும் இங்கே இல்லை.

ஆனால் அர்த்தநாரியின் தலைக்கு மேலே ஒரு மரம் இருக்கிறது. அது அருகனுக்குரிய பிண்டி மரம் என்கிறார்கள். மூர்த்தி மாறிவிட்டது, நிழல் மாறவில்லை.

இந்த மரம் என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்து வருகிறது. ஏன் விட்டுவைத்தான் அந்தச் சிற்பி? மறதி என்று சொல்வதற்கில்லை. கண்ணுக்கு நேரே இருக்கிறது. மரியாதை என்பது நம் காலத்து ஆசை. நான் அதைத் தொழிலின் நியதியாகவே பார்க்கிறேன். சுதையில் தவறினால் மேலே அப்பலாம். உலோகத்தை உருக்கி மறுபடி வார்க்கலாம். பாறையில் செதுக்கியதற்கு அந்த வசதி கிடையாது. கல்லில் திருத்தம் என்றால் கழித்தல் மட்டுமே. புதிய உருவம் பழைய உருவத்தின் உடம்புக்குள்ளிருந்துதான் வெளிவந்தாக வேண்டும். பழையவர் விட்டுச்சென்ற கனத்துக்குள்தான் புதியவர் நிற்க முடியும். மரத்தையும் வெட்டினால் சுவர் இன்னும் உள்ளே போகும், மிஞ்சுவது பள்ளம்.

வங்கியில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடமும் ஏறக்குறைய இதுதான். வவுச்சரில் தொகை தவறிவிட்டால் சுரண்டி அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு, மேலே சரியான தொகை, பக்கத்தில் சுருக்கொப்பம். தவறு படிக்கும்படி இருக்க வேண்டும். பிரசன்ன தேவரின் கல்வெட்டு அந்தச் சுருக்கொப்பம் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இதை வைத்து இரண்டு கட்சியாரும் வழக்கமாகப் பேசுவது தெரிந்ததே. ஒருவர், பாருங்கள் சைவத்தின் வன்முறை என்பார். மற்றவர், பாருங்கள் சமய சமரசம் என்பார். முதலாமவருக்குப் பெரியபுராணத்தின் கழுமரக் கதை கைவசம் இருக்கிறது: சம்பந்தரிடம் வாதில் தோற்று எண்ணாயிரம் சமணர் மதுரையில் கழுவேறினார்கள். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. அன்றே எல்லாம் முடிந்ததென்றால், 8ஆம் நூற்றாண்டில் இந்தக் குடைவரையை வெட்டியவர்கள் யார்? இங்கிருந்து சில மைல் தொலைவில் கீழக்குயில்குடிச் சமணர் மலை. அங்கே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கிய உருவங்களின் கீழ், செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. அதற்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம். 9ஆம் நூற்றாண்டில் பாண்டிய அரசியின் பெயரால் எழுந்த சமணக் கோயில். சுவர் இல்லை, விமானம் இல்லை; அதிட்டானம் மட்டும் வெயிலில் கிடக்கிறது. ஒரே நாளில் ஒழிந்துபோன கூட்டத்துக்கு இரு நூற்றாண்டுக்குப் பிறகு அரசியின் பெயரில் கோயில் கட்டமாட்டார்கள்.

ஆகவே கதை சொல்வது ஒரு நாளின் உக்கிரம். கல் சொல்வது பல நூற்றாண்டு விவகாரம். உளி, அரசாணை, நிலக்கொடை. கழுமரத்தைவிட இது சாந்தமானது. ஆனால் அதிகம் சாதித்தது. சமரசம் பேசுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். ஒருவரை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நிழல் நன்றாக இருக்கிறது என்பது சமரசம் ஆகாது.

மரபு என்ற சொல்லை நம் இலக்கியவாதிகள் கையாளும் விதத்திலும் இதே கோளாறுதான். ஒருவருக்கு மரபு அறுபடாத ஜீவநதி. இன்னொருவருக்கு உதறித் தள்ள வேண்டிய குப்பை. மரபு இப்படி அழித்தெழுதிய சுவராக இருக்கலாம், நாம் எழுதுவதும் முன்னால் எழுதியவனின் கனத்துக்குள்தான் என்ற பிரக்ஞை இருவருக்கும் இல்லை. அது இருந்தால் ஒருவருக்குப் பெருமை கொஞ்சம் குறையும். மற்றவருக்கு அலட்சியம் குறையும்.

2025இல் இந்த மலை நாள்தோறும் செய்தியில் அடிபட்டது. உச்சியில் தர்கா, அடிவாரத்தில் முருகன், நடுவில் வழக்குகள். மலை யாருடையது என்ற கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருந்தது. நான் படித்த செய்திகளில் தென்சரிவின் இந்தக் குடைவரைக்கு ஒரு வரிகூட இல்லை. அதில் வியப்பில்லை. அது எவருடைய பத்திரமாகவும் பயன்படாது. அதில் முந்தைய பெயரும் தெரிகிறது.

உரிமை கோருகிறவர்கள் ஒருமுறை தெற்கே சுற்றிக்கொண்டு வந்து அந்த மரத்தைப் பார்க்கலாம்.