மழையில் கார் கழுவலாமா?

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். கொட்டுகிற மழையில் துணியோடு இறங்கிக் காரைத் தேய்ப்பவர்கள் ஒரு கட்சி. "இதென்ன வேண்டாத வேலை, நாளைக்கே மறுபடி சேறாகப்போகிறது" என்று பால்கனியில் நின்று சொல்பவர்கள் இன்னொரு கட்சி. நான் முதல் கட்சியின் பக்கம். ஆனால் அவர்கள் கழுவுகிற முறையில் பாதி எனக்கு உடன்பாடில்லை.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். நம் ஊரில் அதிகம் ஓடுகிற சிறிய கார்கள் 4 மீட்டருக்குள் நீளமும் ஏறத்தாழ 1.7 மீட்டர் அகலமும் உள்ளவை. மேலிருந்து பார்த்தால் ஆறு சதுர மீட்டர் தேறும். வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் மிதமான மழை என்பது 24 மணி நேரத்தில் 15.6 மி.மீ.யில் தொடங்குகிறது. அப்படியென்றால் மிதமாகப் பெய்கிற ஒரு நாளில் அந்தக் காரின் தலையில் மட்டும் 90 லிட்டருக்கு மேல் விழுகிறது. நாலரை பக்கெட் தண்ணீர்! 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த நகரம் இது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. வானம் கொடுப்பதை ஓடவிட்டுவிட்டு, மழை நின்ற மறுநாள் மோட்டார் போட்டு ஹோஸில் பீய்ச்சிக் கழுவுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தரத்திலும் மழைத் தண்ணீருக்குத்தான் முதலிடம். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவிவிட்டு உடனே துடைக்காமல் விட்டால் கறுப்புக் காரின் பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் படியும். கால்சியமும் மக்னீசியமும் விட்டுச்செல்கிற தடம் அது. நாளானால் தேய்த்தாலும் போகாது. மழைநீரில் இந்த உப்புகள் மிகக் குறைவு. மழைநீர் லேசான அமிலம் என்பது உண்மைதான். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதாலேயே அதன் பி.எச். அளவு 5.6 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் காய்ந்த பறவை எச்சம் பெயின்ட்டை அரிப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. வெயிலில் சூடேறிய பானெட்டில் தண்ணீர் ஊற்றினால் துடைப்பதற்குள் காய்ந்து திட்டாகிவிடுகிறது. மழையில் தகடு குளிர்ந்திருப்பதால் அந்த அவசரம் இல்லை.

பால்கனிக் கட்சியின் புகாரையும் தள்ளிவிட முடியாது. மழையில் கார் அழுக்காவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தப் பழி பெருமழைக்குச் சேராது, தூறலுக்குத்தான் சேரும். ஒரு வாரத் தூசி படிந்த பானெட்டில் நாலு துளி விழுந்து நின்றுவிட்டால் என்ன ஆகிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு துளியும் தன் அடியிலிருந்த தூசியை விளிம்புக்கு ஒதுக்கிவிட்டுக் காய்ந்திருக்கும். நடுவில் தெளிந்த வட்டம், சுற்றிலும் பழுப்பு வளையம், அதுபோல் நூற்றுக்கணக்கில். அரை மணி நேரம் விடாமல் அடித்த மழை அந்தத் தூசியையே அடித்துக்கொண்டு போய்விடும். மீதி அழுக்கு சாலையிலிருந்து வருவது, சக்கரங்கள் வாரி இறைக்கிற சேற்றுத் தண்ணீர். கழுவிய கையோடு வேளச்சேரிப் பக்கம் ஓட்டிப்போனால் உழைப்பு வீண்தான். சனி, ஞாயிறு வண்டியை எடுக்காதவருக்கு அந்த வாதம் பொருந்தாது.

என் சண்டை ஷாம்பூவோடுதான். மழை தனியாகச் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. சாலையிலிருந்து எழும் எண்ணெய்ப் பிசுக்கு மெல்லிய படலமாகக் காரில் ஒட்டியிருக்கும். வெறும் தண்ணீருக்கு அது அசையாது. அதற்குத்தான் ஷாம்பூ என்று எடுத்துவருகிறார்கள். ஷாம்பூ பிசுக்கைப் பிடித்து இளக்கச் சிறிது நேரம் தகட்டின் மேல் நிற்க வேண்டும். கொட்டுகிற மழை அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை, போட்ட நுரை இறங்கி ஓடிவிடுகிறது. துணி மணலின் மேல் வழுக்கிப்போக வைப்பதும் ஷாம்பூவின் வேலை. அது போனபின் அழுத்தித் தேய்த்தால், பெயின்ட்டின் மேலுள்ள கிளியர் கோட்டில் மணல் கீறும். அந்தப் பூச்சு பெரும்பாலும் 40, 50 மைக்ரான் கனம்தான், தலைமுடியைவிட மெலிது. மழை விட்ட பிறகு வெயிலில் தெரிகிற வட்டக் கீறல்கள் பலவும் இப்படி விழுந்தவை.

ஓடிய நுரை எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 2003இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பல குடியிருப்புகளில் பார்க்கிங் தளத்தின் சரிவே மழைநீரைச் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோவதற்காகத்தான். மழை ஓடுகிற நேரத்தில் போடுகிற ஷாம்பூ நேராக அந்தக் குழிக்குள் இறங்குகிறது. அடுத்த கோடையில் நாமே மோட்டார் போட்டு இழுக்கப்போகிற நிலத்தடி நீரோடு போய்ச் சேர்கிறது. குழிக்குப் போகாதது தெருவிலுள்ள மழைநீர் வடிகாலில் விழும். அந்த வடிகால் கழிவுநீர்க் குழாயைப் போலச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ அப்படியே போகிறது. ஜெர்மனியில் பல ஊர்களில், சொந்த இடமே ஆனாலும் மண் தரையில் வைத்துக் கார் கழுவத் தடை இருக்கிறது. அந்தக் கண்டிப்பு நமக்கும் தேவை என்றே நினைக்கிறேன்.

ஆகவே மழையில் இறங்குகிறவர் ஷாம்பூவை வீட்டிலேயே வைத்துவிட்டு, மழையால் மட்டுமே நன்றாக முடிகிற வேலைகளைச் செய்யலாம். சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உள்பக்கம் கையை விட்டுப் பார்த்தால் அடை அடையாகச் சேறு அப்பியிருக்கும். வெயில் நாளில் அது கல். ஒரு மணி நேர மழைக்குப்பின் விரலால் தள்ளினாலே பெயர்ந்து விழும். ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவுக்கு வழிசெய்வதே இந்தச் சேறுதான். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் அவர்கள் இதை விடவே கூடாது. அடுத்தது, முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பொருந்தியிருக்கும் பள்ளம். அங்கே வேப்பிலையும் புங்கம்பூவும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வடிய வழியில்லாமல் காருக்குள் இறங்கும். மிதியடி நனைந்து நாறும்போதுதான் பலருக்குத் தெரியவரும். ஊறிப்போன பறவை எச்சத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிடலாம். எண்ணெய்ப் பிசுக்கை மழை விட்ட ஒரு நாளைக்கு ஒத்திவைக்கலாம். அன்றைக்கு முக்கால் வேலை முடிந்திருக்கும் என்பதால் ஒரு பக்கெட் போதும். கடைசியில் வண்டியைக் கூரைக்கடியில் நிறுத்தித் துடைத்துவிட்டு, வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் டிஸ்க் காய்ந்துவிடும்.

இடி இடிக்கும்போது வெட்டவெளியில் நிற்கக் கூடாது. மின்சாரத்தில் ஓடும் பிரஷர் வாஷரை மழைக்குள் இழுத்துவரவே கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் தன் காரைத் தானே கழுவுகிறவருக்கு. பல குடியிருப்புகளில் விடியற்காலையில் வந்து வரிசையாகப் பல கார்களைத் துடைப்பவர் மாதச் சம்பளத்துக்கு வருகிறவர். அடைமழையிலும் அவர் வந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், வராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்று வேலை செய்பவருக்கு எலிக்காய்ச்சல் தொற்ற வாய்ப்புண்டு. காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலே போதும். மழை நாளுக்கு அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்று குடியிருப்போர் சங்கங்கள் தீர்மானம் போட வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே போட வேண்டும். அன்று கார் சுத்தமாக வேண்டும் என்கிறவர் தானே இறங்கி நனையட்டும்.